பலகையின் ஆயுளும் மேடையின் ஆயுளும்

நம் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குத் திண்ணையும் விறாந்தையும் எத்தகையனவோ, அத்தகையதே வட அமெரிக்க வீடுகளுக்கு 'டெக்' எனப்படும் மேடை. வீட்டின் பின்கதவைத் திறந்தால், நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், பலகை பாவிய தளமொன்று வளவை நோக்கி நீண்டிருக்கும். பெரும்பாலும் அதற்குக் கூரை இராது. மாதக் கணக்காகக் குளிரில் அடைபட்டுக் கிடக்கும் மக்கள், கோடை பிறந்ததும் அம்மேடையிலேயே தேநீர் அருந்துவர்; விருந்தினரை வரவேற்பர்; பிள்ளைகளை விளையாட விடுவர்; முதியோர் அங்கிருந்து வெயில் காய்வர்.

சென்ற ஆண்டு, கனடாவின் ரொறன்ரோ மாநகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் வாழும் என் தமக்கையார் வீட்டில், ஓகஸ்ட் விடுமுறையோடு விடுப்பும் சேர்த்து இரண்டு மாத காலம் தங்கியிருந்தேன். அங்கே அத்தகைய மேடையொன்று பிரிக்கப்பட்டு மீண்டும் எழுந்ததை அருகிருந்து பார்த்தேன். கையாளாக நின்று மண்ணும் சுமந்தேன். கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவனாகிய எனக்கு அவ்விரண்டு மாதமும் ஒரு பாடசாலையாகவே அமைந்தன. கற்றதை நம் குடும்பத்தினருக்கும் மாணாக்கருக்கும் சொல்லிவைத்தல் நலமென்று எண்ணியே இதனை எழுதுகின்றேன்.

அன்னையின் கைத்தடி

என் அன்னையார் தமக்கையாரோடு வசித்து வருகின்றார். சென்ற ஆவணியில் அவருக்கு எண்பது வயது நிறைந்தது. நான் போய்ச் சேர்வதற்குச் சில கிழமைகளுக்கு முன், ஒரு காலைப்பொழுதில், அவர் வழக்கம்போல் மேடையில் உலாவியபோது கைத்தடி பலகையொன்றைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. கைப்பிடி அருகில் இருந்தமையால் அவர் விழவில்லை. ஆயினும் அன்றோடு அவர் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். கண்ணாடிக் கதவுக்கு உட்புறத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிரே தெரியும் கறிவேப்பிலைச் சாடியைப் பார்த்தபடி இருப்பார். "வெளியிலே வாருங்கள் அம்மா" என்று அழைத்தால், "இங்கேயே காற்று வருகுது மோனை" என்பார். மூடிய கண்ணாடிக்குள் காற்று எங்கிருந்து வரும்?

அத்தானுக்கு இது பெரும் மனக்குறை. மாமியாரின் பிறந்த நாளுக்கு முன்னர், இனி என்றும் உக்காத பலகையால் மேடையைப் புதுப்பித்துவிட வேண்டுமென்று அவர் உறுதி பூண்டிருந்தார். ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அடிச்சட்டம் இருக்கட்டும், மேற்பலகையை மட்டும் கழற்றிவிட்டுக் கலப்புப் பலகை பதித்துத் தருகிறேன். மூன்று நாள் வேலை. இருபத்தைந்து ஆண்டுக்குக் கவலையில்லை" என்று கூறி, ஏற்கத்தக்க விலையும் சொல்லியிருந்தார். அத்தானுக்குக் கைப்பணம் கொடுக்க மனம் சம்மதித்துவிட்டது. அப்பொழுதுதான் நான் போய்ச் சேர்ந்தேன்.

கலப்புப் பலகை என்பது யாது?

'கொம்பொசிற்' என்று அங்குள்ளோர் வழங்கும் இப்பலகை, மரத்தூளையும் பிளாஸ்ரிக்கையும் ஏறத்தாழச் சம அளவிற் கலந்து, சூடேற்றி உருக்கி, அச்சின் வழியே நீளமாகப் பிதுக்கி எடுக்கப்படுவது. தச்சுச் சாலைகளில் வீணாகும் தூளும், கடைகளிற் கழிக்கப்படும் பொலித்தீன் பைகளும் உறைகளும் இதற்கு மூலப்பொருள்களாகின்றன.

மரத்தூளைச் செயற்கைப் பிசினோடு சேர்த்தல் புதியதன்று. லியோ பேக்லண்ட் 1907இல் கண்டறிந்த பேக்கலைற்றிலும் வலுவின்பொருட்டு மரத்தூள் சேர்க்கப்பட்டது. ஆனால், அக்கலவையை வீட்டு மேடைக்குரிய பலகையாக வார்த்து விற்கும் தொழில் 1990களிலேயே அமெரிக்காவில் வேரூன்றியது. மோபில் எண்ணெய்க் கம்பெனியின் ஒரு பிரிவாக இருந்த இத்தொழிலை, அதன் முன்னாள் அதிகாரிகள் நால்வர் 1996இல் விலைக்கு வாங்கி, வேர்ஜீனியா மாநிலத்தில் 'ட்ரெக்ஸ்' என்னும் கம்பெனியைத் தொடங்கினர். பின்னர் வேறு பல கம்பெனிகளும் தோன்றின.

முதலில் வந்த பலகைகள் குறையற்றவை அல்ல. அவற்றின் மேற்பரப்பிற் கலந்திருந்த மரத்தூள் ஈரத்தை உறிஞ்சியது, பூஞ்சணம் படர்ந்தது, நிறம் வெளிறியது. பிற்காலப் பலகைகளுக்குக் கலப்பற்ற பிளாஸ்ரிக் உறையொன்றைச் சுற்றிலும் போர்த்துகின்றனர். இவ்வுறையால் ஈரமும் கறையும் எளிதில் உட்புகா. ஆண்டுதோறும் எண்ணெய் பூசவும் சாயம் தீட்டவும் வேண்டியதில்லை, சிராம்பு எழுந்து காலிற் குத்துவதில்லை, கறையான் விரும்புவதில்லை. இருபத்தைந்து ஆண்டு, அதற்கு மேலும், உத்தரவாதம் அளிக்கின்றனர். விலையோ சாதாரண மரப்பலகையின் விலையைப்போல் இருமடங்குக்கும் மேலாகும்.

இவையாவும் உண்மையே. ஆனால், இவையாவும் பலகையைப் பற்றிய உண்மைகள். மேடையைப் பற்றியவை அல்ல. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர்.

மறைந்திருந்த நோய்

கலப்புப் பலகை மரத்தைப்போல் விறைப்பானதன்று. பாரம் தாங்கும் வளையாகவோ, குறுக்குத் தீராந்தியாகவோ, காலாகவோ அதனைப் பயன்படுத்தல் ஆகாது. எனவே எத்துணை விலையுயர்ந்த கலப்புப் பலகையாயினும், அது பெரும்பாலும் மரச்சட்டத்தின் மீதே பதிக்கப்படுகிறது. மேலே இருப்பது இருபத்தைந்து ஆண்டு நிற்கும். கீழே இருப்பது எத்தனை ஆண்டு நிற்கும் என்பதன்றோ கேட்க வேண்டிய கேள்வி?

அக்கேள்வியை முதலிற் கேட்டவர் நானும் அல்லேன், அத்தானும் அல்லர். மாதிரிப் பலகையொன்றை அன்னையாரின் மடியில் வைத்து, "மாமி, இது என்றைக்கும் உக்காது" என்றார் அத்தான். அன்னையார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாய் இருக்குது தம்பி. இது எதன்மேலே இருக்கப் போகுது?" என்று கேட்டார். பழைய சட்டத்தின்மேல் என்று அத்தான் கூறியதும், அவர் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபேச்சுப் பேசவில்லை.

மறுநாட் காலை மருமகனும் நானும் மேற்பலகைகளுள் நான்கைந்தைக் கழற்றினோம். மருமகன் திருகாணி முடுக்கியின் நுனியால் தீராந்திகளைக் குத்திப் பார்த்தான். நடுப்பகுதியில் அது அரை அங்குலமும் இறங்கவில்லை. வீட்டுச் சுவரை அண்டிய முனையிலோ, பாணைக் குத்தியதுபோல் பிடிவரை இறங்கியது. "மாமா, இங்கே பாருங்கோ" என்று அவன் அழைத்த குரல் இன்றும் என் காதில் நிற்கிறது. சுவரோடு பொருத்தியிருந்த தாங்குபலகையின் பின்புறம் கறுத்து நூல்நூலாகக் கழன்றது. அத்தனை பாரத்தையும் ஆணிகளும் இரண்டொரு திருகாணிகளுமே பிடித்துக்கொண்டிருந்தன.

அத்தான் அன்று பகல் முழுவதும் உணவருந்தவில்லை. முந்திய கோடையில், பேத்தியின் பிறந்த நாளுக்கு, அதே மேடையில் முப்பது பேரை நிறுத்திப் படம் எடுத்திருந்தார்கள்.

பேர்க்லியில் நடந்தது

இத்தகைய நோய் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துப் பல்கலைக்கழக நகரமாகிய பேர்க்லியில், 2015ஆம் ஆண்டு யூன் 16ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், மாடிக் குடியிருப்பொன்றின் வெளிமாடம் முறிந்து வீழ்ந்தது. ஒருவரின் இருபத்தொராம் பிறந்த நாளைக் கொண்டாடக் கூடியிருந்த இளைஞர்களுள் அறுவர் இறந்தனர், எழுவர் காயமுற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் கோடைகால வேலைக்காக அயர்லாந்திலிருந்து வந்த மாணவர். அக்கட்டடம் கட்டி முடிந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. மேற்றளம் பார்வைக்குச் செவ்வையாக இருந்தது. உள்ளே அடைபட்ட ஈரத்தால் மரச்சட்டங்கள் உக்கிப்போயிருந்தமையே காரணமென்று பின்னர் கண்டனர். அதன் பயனாக, வாடகைக் குடியிருப்புகளின் வெளிமாடங்களையும் மேடைகளையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டுமென 2018இல் கலிபோர்ணியா சட்டம் இயற்றியது.

மரம் தானாக உக்குவதில்லை. உக்கலை உண்டாக்குவது ஒருவகைப் பூஞ்சணம். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் கீழ் நின்றால் அது வளர மாட்டாது. மழையில் நனைந்த மரம் காற்றுப்பட்டு உலர்ந்துவிடுமாயின் பாதகமில்லை. நனைந்த நீர் போக வழியின்றித் தங்கும் இடமே நோய்க்கு இடம். ஆகவே, மேடை கட்டும் கலை என்பது நீரைத் தடுக்கும் கலையன்று. வந்த நீரைப் போகவிடும் கலை.

அன்று மாலை கணக்குப் பார்த்தோம். பழைய சட்டத்தை முற்றாகப் பிரித்து, அதே அளவிற் புதுமேடை கட்டுவதாயின் செலவு கைக்கு எட்டாது. பிறந்த நாளுக்கு முன் முடியவும் மாட்டாது. அத்தான் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர்ப் பென்சிலை எடுத்து, பதினாறடிக்குப் பதினான்கடியாக இருந்த படத்தைப் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடியாகத் திருத்தினார். "சிறிதாக இருக்கட்டும் தம்பி. பிறந்த நாளை வீட்டுக்குள்ளே கொண்டாடுவோம்" என்றார். ஒப்பந்தக்காரருக்கு அன்றிரவே மறுமொழி சொல்லியாயிற்று.

அடியிலிருந்து தொடங்கிய வேலை

ஒன்ராறியோ மாகாண விதிப்படி, நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயரும் மேடைக்கு நகரசபையின் அனுமதி வேண்டும். எங்கள் மேடை இரண்டரை அடி உயரம். படம் வரைந்து அனுமதி பெற்றோம். நிலத்தைத் தோண்டுமுன், அடியிற் செல்லும் எரிவாயுக் குழாய்களையும் மின்கம்பிகளையும் உரியவர்கள் வந்து குறியிட்டுச் சென்றனர்.

ரொறன்ரோவில் ஒவ்வொரு காலுக்கும் நான்கடி ஆழக் குழி தோண்ட வேண்டும். நம் நாட்டில் இத்துணை ஆழம் எதற்கென்று கேட்போம். மாரியில் அங்கே மேல்மண்ணின் ஈரம் உறைந்து பனிக்கட்டியாகிறது. உறையும் மண் வீங்கி, தன்மேல் நிற்பதை மேலே தூக்கும். இளகும்போது கீழே விடும். இவ்வாறு ஆண்டுதோறும் ஏறி இறங்கும் கால் எந்த மேடையையும் முறுக்கிவிடும். ஆதலின் உறைபனி எட்டாத ஆழத்திற் காலை ஊன்றுகின்றனர். ஆறு குழிகளில் அட்டைக் குழாய்களை இறக்கிக் கொங்கிறீற்று நிரப்பினோம். மரக்கால் எதுவும் மண்ணைத் தொடவில்லை. கொங்கிறீற்றின் மேற் பதித்த உலோகத் தாங்கியிலேயே நின்றது.

புதிய மேடையைச் சுவரோடு பிணைக்கவில்லை. அவ்வீட்டின் வெளிச்சுவர் செங்கல்லாலானதுபோல் தோன்றினும், உண்மையில் அது மரச்சட்டச் சுவருக்கு மேல் எழுப்பிய ஒற்றைச் செங்கற் போர்வையே. அது மேடையின் பாரத்தைத் தாங்கற்குரியதன்று. எனவே சுவருக்கு அருகிலும் கால்கள் நாட்டி, மேடை தன் காலிலேயே நிற்கும்படி செய்தோம். பிணைத்தே ஆகவேண்டிய வீடுகளில், போர்வைக்கு உள்ளேயுள்ள உறுதியான சட்டத்தோடு தடித்த மரையாணிகளாற் பிணைத்து, நீர் உட்புகாதவாறு உலோகத் தகடு மடித்துப் பொருத்த வேண்டும். வெறும் ஆணி அங்கே ஒருபோதும் ஆகாது. மேடைகள் வீழ்வது பெரும்பாலும் அந்த இணைப்பிலேதான்.

சட்டத்துக்கு மருந்தேற்றிய மரத்தைப் பயன்படுத்தினோம். மரத்தை இரும்புக் கலத்தில் அடைத்து, மருந்துநீரை அமுக்கத்தோடு அதனுட் செலுத்துவர். இத்துறையில் உலகெங்கும் நெடுங்காலம் ஆண்ட மருந்தொன்று, நம் அயல்நாட்டாராகிய இந்திய விஞ்ஞானி சொந்தி காமேசன், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933இல் கண்டறிந்த செம்பு, குரோமியம், ஆசனிக் கலவையே என்பதை நம் மாணாக்கர் அறிந்து மகிழலாம். ஆசனிக் நஞ்சென்பதால், 2003ஆம் ஆண்டின் முடிவோடு வட அமெரிக்காவில் வீட்டு மேடைகளுக்கான மரத்தில் அதனை ஏற்றுவது நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த மருந்துகளிற் செம்பு மிகுதி. அது சாதாரண இரும்பாணியை விரைவில் அரித்துவிடும். எனவே, நாகமுலாம் தடிப்பாகத் தோய்ந்த ஆணிகளும் துருவேறா உருக்கு ஆணிகளுமே ஏற்றவை. மருந்து மரத்தின் நடுவரை செல்லாமையால், அறுத்த முனை ஒவ்வொன்றுக்கும் தூரிகையால் மீண்டும் மருந்து பூச வேண்டும். பழைய மேடையில் இதனை எவரும் செய்திருக்கவில்லை.

கலப்புப் பலகைக்குத் தீராந்திகளின் இடைவெளி, ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை, பதினாறு அங்குலத்துக்கு மேற்படலாகாது. பலகையைச் சாய்வாகப் பதிப்பதாயின் பன்னிரண்டு அங்குலம். நாங்கள் நேராகவே பதித்தோமாயினும், பலகை காலடியில் தளராதிருக்கும்பொருட்டுப் பன்னிரண்டு அங்குலமாகவே வைத்தோம். தீராந்தியின் மேல்விளிம்பில், திருகாணித் துளை வழியே நீர் இறங்காதிருக்கப் பிசின் நாடா ஒட்டினோம். பக்கப் பலகைகளுக்கிடையே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த வெளி விட்டோம். நீர் வடியவும் காற்று ஏறவும் அவ்வெளியே வழி.

பலகையின் முனைகளுக்கும் வெளி வேண்டும். மரம் ஈரத்தால் அகலத்தில் விரியும். கலப்புப் பலகையோ வெப்பத்தால் நீளத்தில் விரியும். பன்னிரண்டடிப் பலகை, நாற்பது பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றர் நீண்டு குறுகும். குளிர்நாளில் முனையோடு முனை இறுகப் பதித்தால் கோடையில் அது எங்கே போகும்? மேலே புடைத்தெழும். புகையிரதத் தண்டவாளங்களின் இணைப்பில் வெளி விடும் அதே விதிதான் இது.

இன்னுமொரு குணம் உண்டு. நண்பகல் வெயிலில் இப்பலகை வெறுங்காலுக்குப் பொறுக்க முடியாதவாறு சுடும். கருநிறமாயின் சொல்ல வேண்டியதில்லை. அன்னையார் வீட்டிற் செருப்பு அணிவதில்லை. ஆகையால் மருமகன் விரும்பிய காப்பி நிறத்தை விட்டு, வெளிர்சாம்பல் நிறத்தைத் தேர்ந்தோம்.

விதிப்படி மேடையின் ஒவ்வொரு சதுர அடியும் 40 இறாத்தல் பாரம் தாங்க வேண்டும். 144 சதுர அடிக்கு 5,760 இறாத்தல். அதாவது ஏறத்தாழ நாற்பது பேரின் நிறை. மூன்றடி உயரக் கைப்பிடி வேலி எழுப்பி, சிறு குழந்தையின் தலை புகாதபடி கம்பிகளிடையே நான்கு அங்குலத்துக்குக் குறைவாகவே வெளி விட்டோம். படிகள் ஒவ்வொன்றும் ஆறு அங்குல உயரம், ஒன்றுக்கொன்று வேறுபாடில்லை. முதியோர் காலால் அளந்தே இறங்குவர். ஒரு படி அரை அங்குலம் மாறினாலும் அங்கே தடுமாறுவர்.

நம் வீடுகளுக்கு

கலப்புப் பலகைகள் இப்போது நம் நாட்டிலும் விற்பனையாகின்றன. நம்மிடம் உறைபனி இல்லை. ஆனால் மாரி மழையும் கறையானும் உப்புக் காற்றும் உண்டு. நம் முன்னோர் விறாந்தைத் தூணை மண்ணில் நேராக நாட்டாது, கல்லை அடியில் வைத்து நிறுத்தினர். பனையின் வெளிற்றை விலக்கி வைரத்தையே கூரைக்கு ஏற்றினர். ஸ்காபரோவில் உலோகத் தாங்கியின்மேல் மரக்காலை நிறுத்தியபோது எனக்கு அந்தக் கல்லே நினைவுக்கு வந்தது.

எனவே, வீட்டுக்கு எதைக் கட்டுவிப்போரும் விற்பவரிடம் "இப்பலகை எத்தனை ஆண்டு நிற்கும்?" என்று கேட்பதோடு அமையலாகாது. இது எதன்மேல் நிற்கிறது? எந்த ஆணி இதனைப் பிடிக்கிறது? விழும் நீர் எவ்வழியாற் போகிறது? வெயிலில் விரிய இடமுண்டா? இந்நான்கையும் கேட்டல் வேண்டும். முன்பே கட்டிய மேடையுடையோர், ஆண்டுக்கொருமுறை குனிந்து அடிப்புறம் பார்த்து, சுவரோரத்து மரத்தைக் குத்திப் பார்த்தல் வேண்டும். ஒரு திருகாணி முடுக்கியும் கால்மணி நேரமுமே அதற்குச் செலவு. 

புரட்டாதி நடுவில் வேலை முடிந்தது. அன்னையாரின் பிறந்த நாள் கழிந்து நான்கு கிழமையாகியிருந்தது. காலையில் தமக்கையார் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். எவரும் அழைக்கவில்லை. அன்னையார் வாசலில் நின்று, கைத்தடியால் முதற்பலகையை இருமுறை தட்டினார், அடுத்ததையும் தட்டினார். பின்னர் என்னை நோக்கி, "கீழேயும் புதிசோ?" என்று கேட்டார்.

"முழுவதும் புதிது அம்மா. நானே பிடித்துக் கொடுத்தேன்" என்றேன்.

அவர் கைப்பிடியைப் பற்றாமலே நான்கு அடி நடந்து, கறிவேப்பிலைச் சாடிக்கு அருகிற் போய் அமர்ந்தார். அத்தான் தேநீர் கொண்டுவர உள்ளே போனார்.